வோங் கிம் ஆர்க் ஐயாவுக்கு

வணக்கம் ஐயா. நானும் என் வீட்டுக்காரரும் அமெரிக்காவுல இன்னும் வீசாவுலதான் இருக்கோம், ஆனா என் பொண்ணு இங்க பொறந்ததால அவளுக்கு இந்த ஊர் பாஸ்போர்ட். 2025 ஜனவரியில பிறப்புக் குடியுரிமைக்கு எதிரா அதிபரோட ஆணை வந்தப்போதான் அந்த பாஸ்போர்ட்டுக்குப் பின்னாடி நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சுது, அன்னிக்கு ராத்திரி தூங்காம உங்களப் பத்திதான் படிச்சேன்.

சான் ஃபிரான்சிஸ்கோ சைனாடவுன்ல பொறந்து, சமையல் வேலை பாத்து வளர்ந்தவர் நீங்க. 1894ல சீனாவுக்குக் கிளம்புறப்போ 'இவரு இங்கதான் பொறந்தாரு'ன்னு வெள்ளக்காரங்க கையெழுத்து போட்ட பேப்பரையும் கையோட வெச்சிருந்தீங்க. அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல திரும்பி வந்தா, அப்பா அம்மா சீனாக்காரங்க, அதனால நீ அமெரிக்கனே இல்லன்னு சொல்லிக் கரையில இறங்க விடல. சொந்த ஊர் கண்ணுக்கு எட்டுற தூரத்துல மாசக்கணக்கா கப்பல் மாத்திக் கப்பல்ல அடைச்சு வெச்சிருந்தாங்களே, அத நெனச்சா இப்பவும் எனக்கு நெஞ்சு அடைக்குது.

1898 மார்ச் 28, அப்பா அம்மா வெளிநாட்டுக்காரங்களா இருந்தாலும் இங்க பொறந்த நீங்க இந்த நாட்டுக் குடிமகன்தான்னு சுப்ரீம் கோர்ட்ல 6க்கு 2ன்னு ஜெயிச்சீங்க. எல்லாரும் கதைய இங்கயே முடிச்சிடுறாங்க, எனக்கு அதுக்கு அப்புறம் நடந்ததுதான் மனசுல நிக்குது. மூணே வருஷத்துல டெக்சாஸ் எல் பாசோவுல உங்களயே புடிச்சு, 300 டாலர் ஜாமீன் கட்ட வெச்சு, நீ அமெரிக்கன்தான்னு மறுபடியும் நிரூபின்னாங்க. 1910ல சீனாவுலேர்ந்து உங்க மூத்த பையன் வந்தான். அந்தக் காலத்துல சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்துல வந்து இறங்குறவங்கள விசாரிக்கிற ஏஞ்சல் தீவுல அப்பாவையும் பையனையும் தனித்தனியா உக்கார வெச்சு, வீட்டுல எத்தனை ஜன்னல், கிணறு எங்க இருக்கு, பக்கத்து வீட்டுல யாருன்னு கேட்டு பதில ஒத்துப் பாப்பாங்க. அமெரிக்காவுல சம்பாதிச்சு, தெற்கு சீனாவுல டாய்ஷான் பக்கத்துக் கிராமத்துல இருந்த குடும்பத்த எப்பவோ ஒருதரம் போய்ப் பாத்த அப்பாவுக்கு அதெல்லாம் எப்படி ஒத்துப் போகும்? நாட்டு சட்டத்தையே நிலைநிறுத்துன மனுஷனோட புள்ளைய உங்க புள்ளையே இல்லன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க ஐயா.

அப்புறம் மத்த மூணு பசங்களும் வந்து சேந்தாங்க, கடைக்குட்டி 1926ல 11 வயசுல. அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க சீனாவுக்குக் கிளம்பிப் போனீங்க, அப்புறம் திரும்பி வரவே இல்ல. அந்தக் கடைக்குட்டியத்தான் ரெண்டாம் உலகப் போருக்கு இந்த நாடு கூப்பிட்டுச்சு, போர் முடிஞ்சும் அமெரிக்க வணிகக் கப்பல்லயே வேலைக்குப் போனாரு.

என் பொண்ணுக்கு இப்ப ஆறு வயசு. உங்க பேர அவ சரியா சொல்றா, கிம் ஆர்க் தாத்தான்னு.