கோத்துகள் கட்டாத கோதிக்: சுற்றுலா வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பாவில் தமிழ்க் குழுக்களை அழைத்துப் போகும் வழிகாட்டி நண்பர்களுக்கு, வணக்கம்.

உங்கள் பாடு தெரியும். ஒருவர் தயிர்சாதம் எங்கே கிடைக்கும் என்பார், இன்னொருவர் கழிப்பறை எங்கே என்பார். அதற்கு நடுவில் வரலாறும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் ஒரு வரியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பாரிஸ் நோத்ர தாம் பேராலய வாசலில் என் காதில் விழுந்த வரி அது: "கோத் இன மக்கள் கட்டியதால் இதற்குக் கோதிக் என்று பெயர்."

அவர்கள் கட்டவில்லை. கி.பி. 410இல் அலாரிக் தலைமையில் ரோம் நகரைச் சூறையாடிய ஜெர்மானிய இனத்தார்தான் கோத்துகள். அவர்களின் கடைசி அரசு ஸ்பெயினில் இருந்தது. 711இல் வந்த அரபுப் படையெடுப்போடு அதன் கதை முடிந்தது. கோதிக் கட்டடப் பாணி உருவானது அதற்கும் 400 ஆண்டுகள் கழித்து, பாரிஸ் வட்டாரத்தில்.

கோத்துகள் கட்டியதையே காட்ட வேண்டுமென்றால் இத்தாலியில் ரவென்னாவுக்குக் கூட்டிப் போங்கள். அவர்களின் அரசன் தியோடரிக்கின் கல்லறை மாளிகை அங்கே இருக்கிறது. இரண்டு அடுக்கு, வெள்ளைக் கல். கீழடுக்கின் பத்து பக்கங்களிலும் அரைவட்ட வளைவுகள்தான். கோதிக்கின் அடையாளமான கூர்முனை வளைவு மருந்துக்கும் இல்லை. கூரை முழுக்க ஒரே கல். ஏறத்தாழ பத்து மீட்டர் அகலம், 200 டன்னுக்கு மேல் எடை. விளிம்பைச் சுற்றிக் கைப்பிடி போலப் பன்னிரண்டு நீட்டல்கள். கல்லில் ஒரு விரிசலும் உண்டு. இடி விழுந்து சாவோம் என்று பயந்து அரசன் இதற்குள் ஒளிந்தான், இடி கூரையைப் பிளந்துகொண்டு வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். நம்மவர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும், தாராளமாகச் சொல்லுங்கள்.

அப்புறம் ஏன் கோதிக் என்ற பெயர்? அது வசவு. மறுமலர்ச்சிக் கால இத்தாலியர்களுக்குப் பழைய ரோமானியக் கட்டடங்கள்தான் உயர்வு. ஆல்ப்ஸுக்கு வடக்கே இருந்து வந்த கூர்முனை வளைவுகள் அவர்களுக்கு அலங்கோலமாகப் பட்டன. ஓவியர் வசாரி 1550இல் வெளியிட்ட தன் நூலில் அவற்றைக் காட்டுமிராண்டித்தனம் என்று திட்டி, பழியை ரோமை அழித்த கோத்துகள் தலையில் போட்டார். கட்டிய காலத்தில் இதைக் கோதிக் என்று சொன்னவர் இல்லை. 13ஆம் நூற்றாண்டு ஜெர்மன் குறிப்பு ஒன்று இதைப் 'பிரெஞ்சு வேலை' என்றே சொல்கிறது.

18ஆம் நூற்றாண்டில் காற்று திசை மாறியது. இங்கிலாந்தில் ஹோரஸ் வால்போல், பழைய கோட்டையில் நடக்கும் ஒரு பயங்கரக் கதையை எழுதி, 1765இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதைக் 'கோதிக் கதை' என்றே அழைத்தார். பேய், பாழடைந்த மாளிகை எல்லாம் இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டது அப்படித்தான். 1970களின் கடைசியில் தொடங்கிய, 'கோத்' எனப்படும் கறுப்பு உடை இசைக் கூட்டமும் அந்த வழியில் வந்ததுதான். ஜெர்மனி நாட்டினரோ இது எங்கள் சொந்தப் பாணி என்று கொண்டாடினார்கள். 1248இல் தொடங்கிப் பாதியில் நின்ற கொலோன் பேராலயத்தை 1880இல் கட்டி முடித்ததில் அந்தப் பெருமைக்கும் பங்குண்டு. பாவம், பாணி பிறந்தது பிரான்ஸில்.

குழுவில் யாராவது "நம்ம சாந்தோம் மாதிரியே இருக்கே" என்பார்கள். சிரித்துவிட்டுக் கடந்துவிடாதீர்கள், அவர் சொல்வது சரி. 1896இல் எழுந்த சாந்தோம் பேராலயம், ஆங்கிலேயர்கள் தூசு தட்டி எடுத்த அதே பாணிதான். முன்பு விக்டோரியா டெர்மினஸ் எனப்பட்ட மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் நிலையமும் அந்த வகைதான்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. பாரிஸ் பயணத்திட்டத்தில் வாசனைத் திரவியக் கடைக்கு ஒதுக்கும் நேரத்தைக் குறைத்து, செயின்ட் டெனி ஆலயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மெட்ரோ 13ஆம் தடத்தில் போனால் அருகிலேயே இறங்கலாம். மடாதிபதி சூஜேர் 1144இல் திறந்துவைத்த அதன் பின்பகுதியில்தான் இந்தப் பாணி முதன்முதலில் முழு உருவம் பெற்றது. கூரையின் பாரத்தை மெல்லிய தூண்களும் விலா எலும்பு போல ஓடும் கல் வளைவுகளும் வாங்கிக்கொள்வதால் கனத்த சுவருக்கு அங்கே வேலையில்லை. சுவர் இருக்க வேண்டிய இடமெல்லாம் வண்ணக் கண்ணாடி. அங்கே குழுவை நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். கூர்முனை வளைவு எதற்கு என்று அதற்கப்புறம் விளக்குவது உங்களுக்கும் சுலபம்.

அன்புடன்,
உங்கள் பயணி ஒருவர்