ராம்னி மார்ஷ் சேகரங்களுக்கு: தேவாலயச் சுவரில் சிமெண்ட் வேண்டாம்

மதிப்புக்குரிய சர்ச் வார்டன்களுக்கும் சேகரக் கமிட்டியாருக்கும்,

கெண்ட் கடலோரச் சதுப்பு நிலத்தில் உங்கள் பொறுப்பில் உள்ள பழைய தேவாலயங்களைக் குறித்து எழுதுகிறோம். பழைய கட்டடங்களில் சுண்ணாம்பு வேலை செய்பவர்கள் நாங்கள். கட்டடக் கலைஞர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வந்து பார்த்து அறிக்கை தர வேண்டும் என்பது 1955 முதல் சட்டம். அந்த அறிக்கையில் பெரிய செலவாக வந்து நிற்பது, பல நேரம் இரண்டு சிறு தவறுகளில் தொடங்கியிருக்கும்: ஒன்று அடைபட்ட பீலி, அதாவது கூரையோர மழைநீர்க் கால்; மற்றொன்று சிமெண்ட் பாயிண்டிங், அதாவது செங்கல் இடுக்குகளைச் சிமெண்டால் பூசி அடைப்பது.

ஃபேர்ஃபீல்டு புனித தாமஸ் பெக்கெட் தேவாலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடு மேயும் வெளியில் தனியாக நிற்கிறது. வெளியே தெரிவது செங்கல்; அது 18ஆம் நூற்றாண்டில் போர்த்திய சட்டை. உள்ளே தாங்குவது இடைக்கால மரச்சட்டம். இப்படிப்பட்ட சுவரில் செங்கல் இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்தால் என்ன ஆகும்? சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. ஈரம் செங்கலின் முகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வழியில் உப்பு படிகமாகும், குளிர்காலத்தில் நீர் உறையும், செங்கல் முகம் செதில் செதிலாக உதிரும். சில ஆண்டுகளில் சிமெண்ட் கோடுகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும், செங்கல் உள்வாங்கியிருக்கும். அதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாது: மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை உளுப்பு பிடிக்கும். ஊசி முனை ஈரமானி ஒன்று வாங்கி, ஆண்டுக்கு இருமுறை மரத்தில் ஒரே இடங்களில் குத்திப் பாருங்கள்.

பழுதான இடுக்கை உளியால் கையாலேயே சுரண்ட வேண்டும். கிரைண்டர் கூடாது, அது செங்கல் ஓரத்தைத் தின்றுவிடும். ஆழம் இடுக்கின் அகலத்தைப் போல் இரு மடங்கு, குறைந்தது 25 மில்லிமீட்டர். தூசியைத் துடைத்து, நனைத்து, ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, பருமணல் 3 பங்கு சேர்த்த சாந்தை உள்ளே இறுக்கி அடையுங்கள். பாதி இறுகியதும் முரட்டுத் தூரிகையால் தட்டினால் மேற்பரப்பு திறந்து காற்றை ஏற்கும். பிறகு நனைத்த சாக்கைப் பல நாள் தொங்கவிட வேண்டும். கடற்காற்று வேகமாக உலர்த்திவிடும், உலர்ந்த சாந்து தூளாகிவிடும். இந்தச் சதுப்பில் வேலை கெடுவதற்கு முதல் காரணம் அதுதான். வெப்பம் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வேலையைத் தொடங்கவே கூடாது. ஆகவே வசந்தம் நன்றாக வந்தபின் தொடங்கி, உறைபனிக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பெரிய பாயிண்டிங் வேலை எடுக்குமுன் ஆர்ச்டீக்கனிடமும் (பிஷப்புக்கு அடுத்த நிலைக் குரு) கேன்டர்பரி திருமண்டலத்தின் ஆலோசனைக் குழுவிடமும் கேளுங்கள். பீலியைச் சுத்தம் செய்ய யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் கூரை ஓட்டின் அடியில் வௌவால் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அவற்றைத் தொந்தரவு செய்வது குற்றம்.

இதே சதுப்பில் உள்ள புரூக்லாண்டு தேவாலயத்தின் ஈய ஞானஸ்நானத் தொட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு மாதத்துக்கும் உரிய வேலைகளின் உருவங்களும் ராசிச் சின்னங்களும் பொறித்த அந்தத் தொட்டிக்கு மெருகு போடவே கூடாது. மேலே படிந்திருக்கும் சாம்பல் நிறப் படலம்தான் அதைக் காக்கிறது. துணியால் மென்மையாகத் தூசி தட்டினால் போதும். தொட்டவர்கள் கை கழுவ வேண்டும்.

பீலியைச் சுத்தம் செய்ய இலை உதிர்ந்து முடிந்ததும் ஒருமுறை, வசந்தத்தில் காகக் கூடுகளைப் பார்க்க மறுமுறை ஏணி வையுங்கள். அதற்கு முன்பு, நல்ல மழை பெய்யும் நாளில் தேவாலயத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். சுவரில் பச்சை பிடித்த கோடு எங்கே, இறங்கு குழாய் வாயில் எங்கே கசிகிறது என்று பார்த்து, தேதியோடு தேவாலயப் பதிவேட்டில் எழுதிவையுங்கள். அடுத்து வரும் கட்டடக் கலைஞர் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

வணக்கத்துடன்,
சுண்ணாம்பு வேலைக்காரர்கள்