மாமா, அந்த இன்ஹேலரைத் தூசி தட்டி எடுங்கள்

அன்புள்ள மாமா,

நேற்று உங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனபோது பார்த்தேன். டாக்டர் தினமும் இழுக்கச் சொன்ன இன்ஹேலர் அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது, பக்கத்தில் 'எதிர்ப்பு சக்தி' என்று கொட்டை எழுத்தில் போட்ட பொடி டப்பா பாதி காலி. கேட்டால், "ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியைக் குறைச்சிடும்டா" என்கிறீர்கள். அத்தை முன்னால் வாக்குவாதம் வேண்டாமென்று பேசாமல் வந்துவிட்டேன்.

உங்கள் ஆஸ்துமா எதிர்ப்பு சக்தி போதாமல் வந்ததில்லை மாமா, அது தேவையில்லாமல் கிளம்புவதால் வருவது.

நாள் ஒன்றுக்கு பத்தாயிரம் லிட்டருக்கு மேல் காற்று நுரையீரலுக்குள் போகிறது, கூடவே தூசி, மகரந்தம், பூஞ்சை, பஸ் புகை எல்லாம். ஒவ்வொன்றுக்கும் வெள்ளையணுக்கள் சண்டைக்கு இறங்கினால் என்ன ஆகும்? காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவர் தலைமுடியில் ஐம்பதில் ஒரு பங்கு கனம்கூட இல்லை, அங்கே வீங்கி நீர் கோத்தால் மூச்சுக்கு வழியேது. அதனால் காற்றறைகளில், அதாவது நுரையீரலின் குட்டிக் குட்டிப் பைகளில், குடியிருக்கும் மேக்ரோபேஜ் செல்களை (கிருமியை விழுங்கும் வெள்ளையணுக்கள்), சுவரின் செல்களே அடக்கி வைக்கின்றன: சுவரில் சிடி200 என்று ஒரு புரதம், மேக்ரோபேஜில் அதற்கேற்ற ஏற்பி, இரண்டும் ஒட்டியிருக்கும்வரை 'சும்மா இரு' என்று அர்த்தம். சுவர் செல் செத்தால் அந்தப் பிடி விடுபடும், அப்புறம்தான் சண்டை. எனக்கு இதில் பிடித்ததே, தனியாக ஒரு எச்சரிக்கை மணி தேவைப்படாததுதான்.

அடங்கிக் கிடப்பதென்றால் தூங்குவதில்லை. 2020இல் கனடாவின் கால்கரியில் உயிருள்ள எலியின் நுரையீரலைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். இந்தச் செல்கள் அறைக்கு அறை ஊர்ந்துபோய், வந்து விழுந்த கிருமியைச் சத்தமில்லாமல் விழுங்குகின்றன. ஊரவிடாமல் தடுத்தபோது நியூட்ரோபில்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்கள் கூட்டமாக வந்து குவிந்தன, வீக்கம்தான் மிச்சம்.

உங்கள் தகராறு காற்றறையில் இல்லை, காற்றுக்குழாயில், ஆனால் அங்கேயும் பிடி தளர்ந்த கதைதான். ஸ்டீராய்டு அந்த வீக்கத்தைத்தான் அடக்குகிறது. கோவிட் காலத்தில் டெக்சாமெதாசோன் என்ற ஸ்டீராய்டின் பெயரை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 2020இல் பிரிட்டனில் நடந்த பெரிய சோதனையில், வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 100க்கு 41 ஆக இருந்த சாவு, தினம் 6 மில்லிகிராம் கொடுத்ததில் 29 ஆகக் குறைந்தது. சரி, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலனில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் பயம் முழுக்கப் பொய்யில்லை. ஆனால் இன்ஹேலரில் வருவது மைக்ரோகிராம் கணக்கு, அதுவும் வேலை செய்வது நேரே குழாயில்.

இழுத்தபின் வாயை நன்றாகக் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியலாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், இன்ஹேலரின் காலாவதித் தேதியையும் பார்த்துவிடலாம், அத்தையிடம் எனக்கும் சேர்த்து ரசம் வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகன்