வீட்டின் மேல் மாதப் பணம்: கையெழுத்துக்கு முன் தனி ஆலோசனையைக் கட்டாயமாக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

60 வயது தாண்டியவர்களுக்கு அவர்கள் குடியிருக்கும் வீட்டையே ஈடாக வைத்து மாதாமாதம் பணம் தந்து, அவர்கள் காலத்துக்குப் பிறகு வீட்டை விற்று வசூலிக்கும் ‘ரிவர்ஸ் மார்ட்கேஜ்’ கடன் 2007-08 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. தேசிய வீட்டுவசதி வங்கி அதே ஆண்டில் வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. அதில் மூத்தோருக்குச் சாதகமான அம்சங்கள் பல உண்டு. ஆனால் கடனைப் பற்றி விளக்கிச் சொல்லும் பொறுப்பு, கடன் கொடுக்கிறவரிடமே விடப்பட்டிருக்கிறது. எங்கள் ஆட்சேபம் இந்த ஓர் இடத்தில்தான். வங்கியின் சம்பளப் பட்டியலில் இல்லாத ஒருவர் உட்கார்ந்து விளக்கிய பிறகுதான் விண்ணப்பத்தையே வாங்க வேண்டும் என்று விதி வர வேண்டும்.

ஏன் என்பதற்குக் கணக்கே சாட்சி. மதிப்பீட்டாளர் 50 லட்சம் என்று எழுதிக் கொடுத்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வங்கி 60 சதவீதம், அதாவது 30 லட்சம் என்று எல்லை வைக்கிறது. காலம் 15 ஆண்டு. வட்டி 10 சதவீதம், மாதாமாதம் அசலோடு சேருகிறது. 30 லட்சத்தை 180 மாதத்துக்கு வகுத்து, மாதம் 16,667 ரூபாய் வரும் என்றுதான் வீட்டில் கணக்குப் போடுவார்கள். உண்மையில் வருவது 7,238 ரூபாய். ஏனென்றால் அந்த 30 லட்சம் என்பது கைக்கு வரும் பணமும் அதன் மேல் ஏறும் வட்டியும் சேர்ந்த எல்லை. 15 ஆண்டில் கைக்கு வந்தது 13,02,840 ரூபாய்; மீதி ஏறக்குறைய 17 லட்சம் வட்டி. காலத்தை 20 ஆண்டாக நீட்டினால் மாதம் 3,951 ரூபாய்தான். மொத்தமாகக் கைக்கு வருவது பத்து லட்சத்தைக்கூடத் தொடாது.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. கூட்டு வட்டியின் கணக்கு அப்படித்தான் போகும். ஆனால் ‘50 லட்ச ரூபாய் வீட்டுக்கு மாதம் எவ்வளவு’ என்ற ஒரே கேள்வியோடு வங்கிக்குப் போகும் பெரியவருக்கு இந்த எண்களை யாராவது ஒரு தாளில் எழுதிக் காட்ட வேண்டும். ஆரம்பச் செலவுகளும் அப்படித்தான். சட்டக் கருத்து, மதிப்பீட்டுக் கட்டணம், பரிசீலனைக் கட்டணம், அடமானப் பதிவு எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையிலிருந்து கட்டினால் அது 25,000தான். கடனோடு சேர்த்துவிட்டால் 15 ஆண்டு முடிவில் அதுவே 1,11,348 ரூபாயாக நிற்கும்.

மதுரையில் எஸ்.எஸ். காலனி, கே.கே. நகர், வில்லாபுரம் பக்கம் பழைய வீடுகளைப் பார்த்தால், கீழே பெரியவர்கள் இருப்பார்கள், மாடிப் போர்ஷனுக்குத் தனிப் படிக்கட்டு இருக்கும். பிள்ளைகள் வெளியூர் போன பிறகு அந்தப் போர்ஷன் பூட்டியே கிடக்கும். அதைச் சுண்ணாம்பு அடித்து, குழாய் மாற்றி வாடகைக்கு விட்டால் மாதம் எவ்வளவு வரும் என்பதை முதலில் கேட்க வேண்டும். மேலே சொன்ன 3,951-ஐயோ 7,238-ஐயோ அந்த வாடகை தாண்டினால், கடனே தேவைப்படாமல் போகலாம். கடனை வாங்கிவிட்டால் இந்த வழி அடைபடும். வீட்டை முழுதாகவோ ஒரு பகுதியாகவோ வாடகைக்கு விடுவது, பத்திரத்தில் புதுப் பெயர் சேர்ப்பது, அதே வீட்டின் மேல் இன்னொரு கடன் வாங்குவது ஆகியவை வங்கி கடனைத் திரும்பக் கேட்பதற்குரிய காரணங்களாக நெறிகளிலேயே இருக்கின்றன. வீட்டு வரி கட்டாமல் விடுவதும், காப்பீட்டைப் புதுப்பிக்காததும், பழுது பார்க்காமல் போடுவதும் அதே பட்டியலில் வரும்.

இன்னொரு வழியும் உண்டு, மனத்துக்குக் கொஞ்சம் கடினமான வழி. அதே 50 லட்ச வீட்டை விற்று, 30 லட்சத்துக்குள் சின்ன வீடாகவோ ஃப்ளாட்டாகவோ பார்த்துக்கொண்டு, 20 லட்சத்தைத் தபால் அலுவலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 ரூபாய் வரும். மாதத்துக்கு 13,667 ரூபாய். அசலும் அப்படியே இருக்கும். பதிவுச் செலவும் வரியும் போக எவ்வளவு மிஞ்சும் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நாற்பது வருடம் வாழ்ந்த வீட்டை விட்டுப் போக மனம் இல்லை என்பதும் நியாயமான காரணமே. ஆனால் இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டிய கடமை கடன் பிரிவு அலுவலருக்கு இல்லை. அவர் வேலை கடன் கொடுப்பது.

மனைவியின் நிலை எல்லாவற்றையும் விட முக்கியம். தம்பதி கூட்டாக வாங்கலாம். ஒருவருக்கு 60 வயது முடிந்திருக்க வேண்டும், மற்றவருக்கு 55-க்குக் குறையக் கூடாது. கணவருக்கு 63, மனைவிக்கு 52 என்றால் மனைவியைச் சேர்க்க முடியாது. அவசரத்தில் கணவர் மட்டும் கையெழுத்துப் போட்டு, அவர் காலமாகிவிட்டால், கடன் அன்றே முதிர்ந்துவிடும். கணவனை இழந்த பெண், காரியம் முடிந்த கையோடு வீட்டை விற்பதா, கடனை அடைப்பதா என்று நிற்க வேண்டிவரும். வீட்டை விற்றுத் தீர்க்க இரண்டு மாதம் வரை அவகாசம் தரலாம் என்கிறது நெறி. மதுரையில் ஒரு பழைய வீட்டுக்கு இரண்டு மாதத்தில் நல்ல விலைக்கு ஆள் கிடைப்பது எவ்வளவு சிரமம் என்பதைத் தரகர்களைக் கேட்டால் சொல்வார்கள். மனைவிக்கு 55 ஆகும்வரை மூன்று வருடம் பொறுங்கள் என்று சொல்ல வெளியாள் ஒருவர் வேண்டும்.

அடுத்து, ஓராண்டு விதி. கடன் வாங்கியவர்கள் தொடர்ந்து ஓராண்டு அந்த வீட்டில் வசிக்காவிட்டால், நிரந்தரமாக வெளியேறியதாகக் கருதிக் கடனைத் திரும்பக் கேட்கலாம். இடுப்பெலும்பு முறிந்து பெங்களூரில் மகள் வீட்டில் படுத்திருப்பவருக்கு ஓராண்டு என்பது ஓடியே போய்விடும். ஊரை விட்டுப் போகும்போதே எழுத்துமூலம் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும், நகலில் முத்திரை வாங்க வேண்டும், இடையில் வந்து தங்கிப் போக வேண்டும். இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை.

மாதப் பணம் ஆயுள் முழுக்க வரும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. சாதாரண வகையில் காலம் முடிந்ததும் பணம் நின்றுவிடும். தம்பதியில் கடைசியாக இருப்பவர் காலம் வரை வீட்டில் இருக்கலாம். ஆனால் வட்டி ஏறிக்கொண்டே போகும். மேலே சொன்ன 30 லட்சம், இன்னும் ஐந்து ஆண்டில் 49 லட்சத்தைத் தாண்டும். 65 வயதில் தொடங்கினால் 80 வயதில், மருந்துச் செலவு கூடும் நேரத்தில், வரவு நின்றுபோகிறது. அதே சமயம், வீட்டை விற்று வந்ததற்கு மேல் பாக்கி இருந்தாலும் வாரிசுகளிடம் கேட்க முடியாது என்பதும், கடனை அடைத்து வீட்டை மீட்க அவர்களுக்கு வாய்ப்பு உண்டு என்பதும், முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை என்பதும் பெரியவர்களுக்குச் சொல்லப்பட வேண்டும். பயத்தினால் நல்ல கடனை விடுகிறவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகள் இல்லாத தம்பதிக்கோ, பிள்ளைகளே ‘வீட்டை நம்பி நாங்கள் இல்லை’ என்று சொல்லிவிட்ட பெற்றோருக்கோ இது பொருத்தமான ஏற்பாடாக இருக்கலாம்.

பத்திர விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வீடு சுயமாகச் சம்பாதித்ததாக, வில்லங்கம் இல்லாததாக, இன்னும் 20 ஆண்டாவது நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும். மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பல வீடுகள் பாகப்பிரிவினை ஆகாத பூர்வீகச் சொத்துகள். சிலவற்றில் முன்பக்கம் கடை. மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது நான்கையும் முதலிலேயே ஒருவர் புரட்டிப் பார்த்தால், மதிப்பீட்டுக் கட்டணம் கட்டி ஏமாறாமல் இருக்கலாம்.

அமெரிக்காவில் அரசுக் காப்பீடு பெற்ற இந்த வகைக் கடனுக்கு, வீட்டுவசதித் துறை அங்கீகரித்த, கடன் கொடுப்பவரோடு தொடர்பில்லாத ஆலோசகரைச் சந்தித்துச் சான்றிதழ் வாங்காமல் கடன் கிடையாது. கடனுக்கு மாற்று வழிகள் என்னென்ன என்பதையும் ஆலோசகர் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சான்றிதழ் 180 நாள் செல்லும். ஹாங்காங்கில் 2011-ல் தொடங்கிய திட்டத்தில் பயிற்சி பெற்ற வழக்கறிஞர்களே அந்த ஆலோசகர்கள். நம் நெறிகளில் இருப்பது, கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாறினால் ரத்து செய்ய மூன்று வேலை நாள். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஆங்கிலத்தில் உள்ள ஒப்பந்தத்தை வாசித்துச் சொல்ல ஆள் தேடுவதற்கே அந்த மூன்று நாள் போதாது.

எனவே ரிசர்வ் வங்கியும் தேசிய வீட்டுவசதி வங்கியும் செய்ய வேண்டியது இது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் உள்ள வழக்கறிஞர்களுக்கும், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்களுக்கும் பயிற்சி கொடுத்து, மாவட்டத்துக்கு ஒரு பெயர்ப் பட்டியல் தயாரிக்க வேண்டும். மதுரையில் மட்டும் உட்காராமல், உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் என்று தாலுகா அளவிலும் நாள் ஒதுக்க வேண்டும். ஆலோசகருக்குரிய கட்டணத்தைக் கடன் கொடுப்பவர் நேரடியாகத் தரக் கூடாது. பொது நிதியிலிருந்து போக வேண்டும். ஆலோசனை தமிழில், குறைந்தது ஒரு மணி நேரம். கணவன், மனைவி இருவரும் வர வேண்டும். ஒவ்வொருவரிடமும் தனியாகப் பத்து நிமிடம் பேச வேண்டும். பிள்ளைகளின் தொழிலுக்காகப் பெற்றோரைக் கையெழுத்துப் போடச் சொல்லும் வீடுகளில், அந்தப் பத்து நிமிடத்தில்தான் உண்மை வெளியே வரும். இந்தக் கடனைத் தொழிலுக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்தவே கூடாது என்பதையும் அப்போது சொல்லலாம். பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகள் என்றால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் ஜீவனாம்சம் கோரலாம் என்ற வழியையும் காட்ட வேண்டும். ஆலோசனைக்கும் கையெழுத்துக்கும் இடையில் ஏழு நாளாவது இடைவெளி வேண்டும்.

விதி வரும்வரை, வங்கிக்குப் போகும் பெரியவர்கள் மூன்று தாள்களைக் கேட்டு வாங்குங்கள். மாத வாரியாகக் கடன் எப்படி ஏறுகிறது என்ற அட்டவணை ஒன்று. கடனைத் திரும்பக் கேட்கும் காரணங்களின் முழுப் பட்டியல் ஒன்று. மொத்தச் செலவு, வட்டி விவரம் அடங்கிய முக்கிய விவர அறிக்கை ஒன்று; அதைத் தமிழில் கேளுங்கள். மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். நடக்க முடியாதவர்கள் 14567 என்ற மூத்தோர் உதவி எண்ணில் கேட்கலாம். அதுவரை பேனாவை எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்கள் சிலர்,
மதுரை.