பெரியப்பாவுக்கு: மே மாதம் வூயி மலைக்குப் போவோம்

அன்புள்ள பெரியப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் “அந்த முற்றின இலைக்காரர்களின் ஊருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவாயா?” என்று கேட்டீர்கள். சட்டென்று பதில் சொல்ல வாய் வரவில்லை. உங்களுக்கு எழுபத்திரண்டு வயது, முழங்கால் வலி வேறு. ஒரு வாரம் யோசித்துப் பார்த்தேன். போகலாம், கட்டாயம் போகலாம். ஆனால் நான் போன மாதிரி போகக்கூடாது.

இரண்டு வருடங்களுக்கு முன் அக்டோபர் கடைசியில், சீனாவின் ஷியாமென் நகரத்தில் அலுவலக வேலை முடிந்த கையோடு, இரண்டே நாளில் வூயி மலையைப் பார்த்துவிடலாம் என்று ஓடினேன். சிகரம் ஏறினேன், படகில் போனேன், எல்லோரும் நிற்கும் இடத்தில் நின்று படம் எடுத்தேன். தேயிலைப் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேரும்போது வெயில் இறங்கிவிட்டது. அங்கே எனக்குக் கிடைத்தது ஒரு மணி நேரம். கோத்தகிரியில் உங்கள் வீட்டில் வளர்ந்தவள், தேயிலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிவிட்டு வந்தேன் என்பது இன்றும் மனதை அறுக்கிறது.

அன்று இரவு ஊருக்குள் ஒரு சிறிய தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தப் படத்தை உங்களுக்கு அனுப்பினேன். கடைக்கார அம்மா மூடி போட்ட கிண்ணத்தில் இலையைப் போட்டு, கொதிக்கிற நீரை ஊற்றி, உடனே வடித்துவிடுவார். மறுபடி ஊற்றுவார், மறுபடி வடிப்பார். ஏழெட்டு முறைக்குப் பிறகு ஓர் இலையை எடுத்து வெள்ளைத் தட்டில் விரித்துக் காட்டினார். உள்ளங்கை நீளத்தில் பாதி இருக்கும். நடுவில் பச்சை, ஓரம் முழுக்கச் செம்பழுப்பு, யாரோ கரை போட்டுத் தைத்த மாதிரி. நீங்கள் அனுப்பிய பதில் இன்னும் என் போனில் இருக்கிறது: “இது முற்றின இலை. இதை ஃபாக்டரி வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன்.”

முப்பத்தாறு வருடம் டீ மேக்கராக இருந்தவர் வேறு எப்படிச் சொல்வீர்கள்? இரண்டு இலை ஒரு கொழுந்து என்பதுதானே நம் வேதம். அங்கே கொழுந்து முழுவதும் விரிந்து அடங்கும்வரை காத்திருக்கிறார்கள். அதன் பிறகு மூன்று நான்கு இலையோடு கிள்ளுகிறார்கள். பனி காய்ந்த பிறகே பறிப்பு. மழையில் பறித்த இலைக்கு மதிப்பில்லை. வெயிலில் வாட்டி, மூங்கில் தட்டில் போட்டுக் குலுக்கி, ஆறவிட்டு, மறுபடி குலுக்கி, இப்படியே இரவைக் கழிக்கிறார்கள். குலுக்கும்போது ஓரம் மட்டும் நசுங்கிச் சிவக்கிறது. அந்தக் கரை வந்த விதம் அதுதான். பிறகு வாணலிச் சூட்டில் அந்தச் சிவப்பு ஏறுவதை நிறுத்தி, உருட்டி, உலர்த்தி, கடைசியில் கரி நெருப்பில் மெல்ல வறுக்கிறார்கள். ரோலரும் ட்ரையரும் தெரிந்த உங்களுக்கு இதை நான் கடிதத்தில் விளக்குவதைவிட, நீங்களே அந்த மூங்கில் தட்டின் பக்கத்தில் நின்று முகர்ந்து பார்க்க வேண்டும். இந்தப் பயணமே அதற்காகத்தான்.

அதனால் மாதம் முடிவாகிவிட்டது. நடைக்குச் சுகமானது அக்டோபரும் நவம்பரும்தான், வானம் தெளிந்திருக்கும். ஆனால் பறிப்பு ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே நடுவில் முடிந்துவிடும். மே 1 முதல் 5 வரை சீனாவில் தொழிலாளர் தின விடுமுறை. அந்த நாட்களில் எந்த மலையிலும் கால் வைக்க இடம் இருக்காது. ஆகவே மே 6 அன்று ஷியாமெனில் இறங்குவோம். மழை வரலாம். வசந்த மழை அங்கே நீலகிரி மழையைப் போலச் சொல்லாமல் வரும். பிளாஸ்டிக் மழைக்கோட்டு போதும், குடை வேண்டாம். பாதை குறுகல், கைகள் இரண்டும் காலியாக இருப்பது நல்லது.

மலை என்றதும் தொட்டபெட்டாவை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். வூயி தேசியப் பூங்காவின் பரப்பு 1,280 சதுர கிலோமீட்டர். ஃபுஜியான், ஜியாங்ஷி என்ற இரண்டு மாகாணங்களில் பரவிக் கிடக்கிறது. 2021 அக்டோபரில் சீனா முதன்முதலாக அறிவித்த ஐந்து தேசியப் பூங்காக்களில் இதுவும் ஒன்று. 1999இலேயே இயற்கை, பண்பாடு இரண்டுக்குமாக யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. அதன் உச்சியான ஹுவாங்காங் 2,160 மீட்டர். நம் தொட்டபெட்டா அதைவிட உயரம். அந்த உச்சியும் அதைச் சுற்றிய காடும் பாதுகாக்கப்பட்ட பகுதி, நாம் போக முடியாது. நாம் பார்க்கப்போவது கிழக்கு ஓரத்தில் உள்ள செம்மணற்கல் குன்றுகள். கோத்தகிரியில் பாதி உயரம்கூட இல்லாதவை. ஆனால் ஆற்றிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்பதால், கீழிருந்து பார்க்கும்போது கழுத்து வலிக்கும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அங்கே வந்து ஏமாறக்கூடாது. நீங்கள் ஆசைப்படும் தோங்மு கிராமம், பைன் விறகுப் புகையில் தேயிலையை உலர்த்தும் ஊர், கறுப்புத் தேநீரே பிறந்த இடம் என்று சீனர்கள் சொல்வது, வெளிநாட்டவருக்குத் திறப்பதில்லை. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 1849இல் ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சீன உடையில் வேடமிட்டு இந்த வூயி மலைக்குள் நுழைந்தார். அந்தப் பயணங்களில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அவர் திரட்டிய செடிகளும் விதைகளும் இமயமலைத் தோட்டங்களுக்குப் போயின. தேயிலையால் வாழ்ந்த குடும்பம் நாம். அந்த மண்ணில் நிற்கும்போது இது நினைவில் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஷியாமெனிலிருந்து நேராக மலைக்கு வேண்டாம். அரை மணி நேர ரயில் தூரத்தில் சுவான்ஜோ. சோழ நாட்டு வணிகர்கள் போன துறைமுகம். 1281ஆம் ஆண்டு வெட்டப்பட்ட தமிழ்க் கல்வெட்டு அந்த ஊரில்தான் கிடைத்தது. செகசைக் கான் என்பவரின் நலனுக்காக அங்கே ஒரு சிவன் கோயில் எழுந்ததை அது சொல்கிறது. அந்தக் கோயில் இன்று இல்லை. ஆனால் கைய்வான் புத்த விகாரத்தின் பின்புறம் இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. அவற்றில் நரசிம்மரைத் தேடிப் பாருங்கள், பெரியம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பலாம். ஒரு நாள் அங்கே தங்குவோம். கால்களுக்கும் ஓய்வு கிடைக்கும்.

அடுத்த நாள் அதிவேக ரயில். பழைய பயணக் குறிப்புகளில் ‘வூயிஷான் கிழக்கு’ என்று வரும் நிலையத்துக்கு இப்போது ‘நான்பிங் ஷி’ என்று பெயர். ‘வூயிஷான் வடக்கு’ என்பது வேறு நிலையம். நாம் நான்பிங் ஷியில் இறங்குவோம். அங்கிருந்து பூங்கா வாசல் பக்கம் தங்குமிடங்களுக்குப் போகலாம். நான்கு இரவு ஒரே அறை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

ஒன்பது வளைவு ஆற்றில் மூங்கில் தெப்பம் உங்களுக்கு மிகவும் பிடிக்கும். ஆறு பேர் மூங்கில் நாற்காலிகளில் உட்கார, முன்னும் பின்னும் ஒருவர் கழி ஊன்றித் தள்ளுவார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். சீன அறிஞர் ஜூ ஷி 1183இல் இந்தக் கரையில் பள்ளி அமைத்துத் தங்கியிருந்தார். வளைவுக்கு ஒன்றாகப் பாடலும் எழுதினார். அவர் எண்ணியது கீழிருந்து மேலே, முதல் வளைவிலிருந்து ஒன்பது வரை. நாம் ஒன்பதில் ஏறி ஒன்றில் இறங்குவோம். போகும்போது பாறை இடுக்குகளைக் கவனியுங்கள். மூவாயிரம் வருடங்களுக்கு முன் இறந்தவர்களைப் படகு வடிவப் பெட்டியில் வைத்து அந்த உயரத்தில் செருகியிருக்கிறார்கள். தெப்பத்துக்குப் பாஸ்போர்ட் அவசியம். போன முறை அதை அறையிலேயே வைத்துவிட்டுப் போய்த் துறையிலிருந்து திரும்பினேன். பாதி நாள் அதில் போயிற்று. இந்த முறை இரண்டு பாஸ்போர்ட்டும் என் கழுத்துப் பையில் இருக்கும்.

தியான்யோ சிகரத்தில் எண்ணூறுக்கு மேல் படி, வெறும் பாறையில் வெட்டியவை. நீங்கள் ஏற வேண்டாம், பெரியப்பா. வாதாட வேண்டாம். அதன் அடியில் ‘துணி உலர்த்தும் பாறை’ என்று ஒரு மாபெரும் சுவர் இருக்கிறது. காலகாலமாக மழைநீர் வழிந்து வழிந்து மேலிருந்து கீழே கோடு கோடாக அறுத்திருக்கிறது. உச்சியில் நின்றதைவிட அதன் முன்னால் உட்கார்ந்திருந்த கால் மணி நேரம்தான் எனக்கு நினைவிருக்கிறது.

மீதி இரண்டு நாளும் பள்ளத்தாக்குக்கே. நீர்த்திரைக் குகையிலிருந்து, வூயியின் புகழ்பெற்ற தேயிலையான தா ஹொங் பாவின் தாய் மரங்கள் வரை கல் பதித்த பாதை. இரண்டு பக்கமும் பாறை, நடுவில் ஓடை, ஓடைக்கரையில் கல் அடுக்கிக் கட்டிய சின்னச் சின்னத் தேயிலைப் பாத்திகள். நம் ஊர் போல மலை முழுக்கப் பச்சைப் பாய் விரித்த தோட்டம் இல்லை. நாற்பது செடி ஓரிடத்தில், அறுபது செடி இன்னோரிடத்தில். பாதையின் முடிவில் பாறை மேடையில் ஆறு தாய் மரங்கள். 2006லிருந்து அவற்றில் யாரும் இலை பறிப்பதில்லை. கீழே நின்றுதான் பார்க்க வேண்டும். பக்கத்துக் கடையில் தேயிலை நீரில் அவித்த முட்டை கிடைக்கும், சாப்பிட்டுக்கொண்டே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாருங்கள்.

கடைக்கார அம்மாவிடம் உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். மொழிபெயர்ப்புச் செயலியில்தான் பேசிக்கொள்கிறோம். பறிப்பு நடக்கும் நாளில் வந்தால், தன் தம்பியின் பட்டறையில் இரவு முழுக்க உட்கார்ந்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறார். கையை இலைக்குள் விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார்.

விசாவுக்கு மார்ச் மாதமே கொடுத்துவிட வேண்டும். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைத் தம்பியிடம் சொல்லி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். முழங்கால் டாக்டரையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அப்புறம், உங்கள் பழைய ஃபாக்டரியில் இந்தக் குளிர்காலத்தில் ஓடும் நல்ல ஆர்த்தடாக்ஸ் தேயிலை அரைக் கிலோ எடுத்து வையுங்கள். இரண்டு இலை ஒரு கொழுந்தில் செய்ததை அந்த அம்மா இதுவரை குடித்ததில்லையாம்.

உங்கள் தம்பி மகள்