குடும்பப் பாடத்தில் எங்கள் லயங்களும் இடம்பெறட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆரம்பப் பிரிவில் குடும்பத்தைப் பற்றிய பாடம் வரும்போது, மலையகத் தேயிலைத் தோட்டங்களின் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், வளரும் பிள்ளைகள் சிலர் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அப்பா வேலைக்குப் போவார், அம்மா சமைப்பார், தாத்தா கதை சொல்வார் என்ற படம் அவர்கள் வீட்டுக்குப் பொருந்துவதில்லை. அம்மா குவைத்தில் வீட்டு வேலை, அப்பா கொழும்பில் கடை வேலை, வளர்ப்பது அம்மாயி. எங்கள் தோட்டங்களில் இது அபூர்வமான கதையல்ல.

நான்காம் தரத்துப் பிள்ளையொருத்தி குடும்ப மரம் எழுதிக் கொண்டுவந்தாள். அச்சிட்ட பெட்டிகளுக்கு வெளியே, தாளின் ஓரத்தில், பென்சிலால் தானே ஒரு பெட்டி போட்டு 'சின்னம்மா' என்று எழுதி, பிறகு அழித்திருந்தாள். காலையில் தலை பின்னிவிடுவதும், காய்ச்சலென்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அந்தச் சின்னம்மாதான். வளர்க்கிறவரின் பெயரை ஒரு பிள்ளை அழிக்கும்படி பாடம் நடத்தக் கூடாது.

பெரிய வகுப்புகளில் சரித்திரத்தையும் இதோடு சேர்க்கலாம். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், இங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தீர்மானித்தது. அண்ணன் இங்கே, தங்கச்சி அங்கே என்று எத்தனை வீடுகள் பிரிந்தன! அதை அறிந்த பிள்ளை, பிரிந்து வாழ்வது தன் வீட்டுக் குறை என்று நினைத்துக் கூசாது.

யாருக்கு என்ன வேலை என்பதையும் மனம்விட்டுப் பேச வேண்டும். தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 1984இலேயே சம்பளம் சமமாகிவிட்டது. வீட்டுக்குள் அது இன்னும் வந்து சேரவில்லை. அம்மா இருட்டோடு எழுந்து, ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, கைக்குழந்தையைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு மலைக்குப் போகிறார். கொழுந்து நிறுத்துவிட்டு வந்தால் மறுபடியும் அடுப்படிதான். அப்பா வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து தேத்தண்ணி கேட்கிறார். மகள் குடத்தைத் தூக்குகிறாள், மகன் கிரிக்கெட் மட்டையைத் தூக்குகிறான். பத்து வயதுக்குள் இரண்டு பேரும் இதைப் பாடமாகப் படித்து முடித்துவிடுகிறார்கள்.

ஒன்பதாம் தரத்தில், 'இருபது வருடத்துக்குப் பிறகு உங்கள் வீடு எப்படி இருக்கும்?' என்று எழுதச் சொல்வது என் வழக்கம். பெண் பிள்ளைகள் தாதி, ஆசிரியை என்று எழுதிவிட்டு, சமையலையும் தங்கள் தலையிலேயே போட்டுக்கொள்வார்கள். பையன்கள் மாடிவீடு, வேன் எல்லாம் எழுதுவார்கள். அந்த வீட்டைக் கூட்டுவது யார், பிள்ளைக்குச் சோறூட்டுவது யார் என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்காது. அந்தக் கேள்வியை அவர்களிடமே திருப்பிக் கேட்டால் வகுப்பு ஒரு மணி நேரம் ஓயாது. பிள்ளைகள் எல்லாம் கொழும்புக்குப் போனபின் வேலையிலிருந்து ஓய்வுபெற்றபோது கிடைத்த சேமலாப நிதிக் காசும் கரைந்து லயத்தில் தனியே கிடக்கும் கிழவன் கிழவியை யார் பார்ப்பது என்பதையும் அங்கேயே பேச வைக்கலாம். திருமண வயது 18 என்று 1995இல் வந்த சட்டத்தையும் அப்போது சொன்னால் பிள்ளைகள் காதில் ஏறும்.

ஒன்று மட்டும் கவனம் தேவை. பிள்ளை எழுதியதை வகுப்பில் உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள், விரும்பினால் வாசிக்கட்டும்.

தங்கள் பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் 'என்னை வளர்ப்பவர்' என்ற தலைப்பில் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளின் எழுத்தை, பெயர் போடாமல், வெளியிட முடியுமா? இங்குள்ள பாடசாலைகளுக்குச் சொல்லி அவற்றைச் சேர்த்து அனுப்ப நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பொகவந்தலாவை.