சனிக்கிழமை காலை அந்த கேட்டைத் திறந்து விடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், நம் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் நிர்வாகக் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் கேட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தீர்கள். என் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து சுலு ஊரான உம்லாசியின் பிள்ளைகளும் எட்டு வாரமாகச் சேர்ந்து ஆடிய விளையாட்டு, மறு அறிவிப்பு வரும்வரை கிடையாது என்று. காரணம் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் எல்லாருக்கும் தெரியும். "நம்ம பிள்ளைகளுக்குன்னுதானே இடம் கொடுத்தோம், உம்லாசியிலிருந்து எதுக்குக் கூட்டி வர்றீங்க?" என்று உங்களில் இரண்டு பேர் என்னிடம் நேரிலேயே கேட்டீர்கள். அன்று எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எல்லாரும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் என் தவறு. ஐந்தாவது சனிக்கிழமை சிலம்பக் கம்பை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். சுலு பையன்களுக்குக் கம்பு புதிதில்லை. இந்துகு என்ற கம்பால் அடிப்பார்கள், உபோகோ என்ற நீளக் கம்பால் தடுப்பார்கள். நம் பையன்களோ ஒற்றைக் கம்பைச் சுழற்றிப் பழகியவர்கள். கையுறை இல்லை, தலைக்கவசமும் இல்லை. ஒரு பையனுக்கு விரல் முட்டி வீங்கிவிட்டது. அடித்தது நம் பிள்ளை, அடிபட்டது அவர்கள் பிள்ளை, அழுதது இரண்டும். முறையாகக் கற்றுத்தரும் ஆள் கிடைக்கும்வரை இனி கம்பைத் தொட மாட்டேன். ஆனால் அதற்காக மற்ற ஆட்டங்களையும் சேர்த்துப் பூட்டினால் எப்படி?

நீங்கள் யாரும் வந்து பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். நம் வகுப்புப் பெண் ஒருத்தி சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்தாள். ஒரு கல்லை மேலே போட்டு, கீழே கிடப்பதை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி, விழும் கல்லைப் பிடிப்பதுதான் அவளுக்குத் தெரியும். உம்லாசியிலிருந்து வந்த பத்து வயதுக்காரி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு ஒரு சாக்கட்டியை எடுத்துத் தரையில் சின்ன வட்டம் போட்டாள், கற்களை எல்லாம் அதற்குள் தள்ளினாள். ஒரு கல்லை வீசி, அது கீழே வருவதற்குள் உள்ளே இருந்ததை ஒரே வாரலில் வெளியே இழுத்தாள். அடுத்த வீச்சில் ஒன்றே ஒன்றை வெளியே விட்டுவிட்டு மீதியை வட்டத்துக்குள் தள்ளினாள். அரசு நடத்தும் போட்டிகளில் டிகேட்டோ என்று சொல்வது இதைத்தான். நம் பெண் வாயைப் பிளந்துவிட்டாள். அன்று மதியம்வரை இரண்டு பேரும் ஒரு வாக்கியம்கூட முழுசாகப் பேசிக்கொள்ளவில்லை. கல் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

பல்லாங்குழிக் கதை இன்னும் வேடிக்கை. டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில் குடியிருந்த காலத்திலிருந்து என் பாட்டி வைத்திருந்த பலகை அது, பதினான்கு குழி. புளியங்கொட்டைக்குப் பதில் ஷுகர் பீன்ஸ் போட்டிருந்தோம். இந்த நாட்டின் குழியாட்டமான ன்சுவாவில் நான்கு வரிசை உண்டு. அதை ஆடிப் பழகிய ஒரு பையன் நம் பலகையைப் பார்த்துவிட்டு, "மீதிப் பாதி எங்கே?" என்றான். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, எடுத்துக்கொள்ளலாம் என்று நான் விளக்கியதும் குதித்தான். இந்த நாட்டுப் பலகையாட்டமான மொரபராபாவிலும் காய்களுக்கு மாடு என்றுதான் பெயர், ஆளுக்குப் பன்னிரண்டு. மாட்டைச் செல்வமாக எண்ணிய இரண்டு கூட்டங்களும் ஆட்டத்திலும் மாடே பிடித்திருக்கின்றன. இதை நான் எந்தப் பாடத்தில் சொல்லிக் கொடுத்திருக்க முடியும்?

கோகோ நம் ஆட்டம், நம்மவர்களுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும் என்றார் ஒருவர். ஐயா, இந்த நாட்டின் பாரம்பரிய விளையாட்டுப் பட்டியலில் டிகேட்டோவுக்கும் ஆப்பிரிக்கானர்களின் கட்டை எறியும் ஆட்டமான யூக்ஸ்கேவுக்கும் பக்கத்திலேயே கோகோவும் இருக்கிறது. 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் கோகோ உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவின் ஆண், பெண் அணிகள் இரண்டுமே அரையிறுதிவரை போயின. துரத்தும் அணியில் எட்டுப் பேர் வரிசையாக உட்கார வேண்டும், ஒருவர் இந்தப் பக்கம் பார்த்தால் அடுத்தவர் அந்தப் பக்கம். முதுகில் தட்டி "கோ" என்றால் எழுந்து ஓட வேண்டும். பொதுமொழி இல்லாத பிள்ளைகளுக்கு இதைவிடத் தோதான ஆட்டம் எனக்குத் தெரியாது. ஒரே எழுத்துதான் பேச்சு.

தமிழே தேய்கிறது, முதலில் அதைப் பாருங்கள் என்பது உங்கள் கவலை. என் கவலையும் அதுதான். இந்த நாட்டு அரசியல் சாசனத்தின் ஆறாம் பிரிவு தமிழின் பெயரைச் சொல்லியிருக்கிறது. வீட்டில் பேச ஆளில்லை. இந்த எட்டு வாரத்தில் தமிழ் வளர்ந்ததா என்று கேட்டால், கொஞ்சம்தான். ஒன்று முதல் பத்துவரை எண்ண வந்தது. அதோடு, "பல்லாங்குலி" என்று சொல்லிக்கொண்டிருந்த நம் பிள்ளைகளுக்கு, சுலு பிள்ளைகள் ழகரத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்ததும் வீம்பு வந்து ஒழுங்காகச் சொல்லப் பார்த்தார்கள். பதிலுக்கு, ஐந்தைக் குறிக்கும் சுலு சொல்லில் வரும் "ஹ்லா" ஒலியிடம் நாங்கள் எல்லாருமே தோற்றோம், நானும் சேர்த்து.

சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் நடுவே நடந்த கலவரத்தை நம் பெரியவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அதற்கு அடுத்த வருஷம் வந்த சட்டம் இனத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்தது. 1960களில் நம்மை இங்கே கொண்டுவந்து போட்டார்கள். நடுவில் ஓர் ஆறு, அந்தப் பக்கம் உம்லாசி. 2021 ஜூலைக் கலவரத்தில் கடைகள் எரிந்தபோது நம் தெருமுனையில் தடுப்புப் போட்டு ராத்திரி முழுக்க நின்றோமே, நானும் நின்றேன். என் கையில் இருந்தது கிரிக்கெட் மட்டை. டர்பனின் இன்னொரு இந்தியப் பகுதியான ஃபீனிக்ஸில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள், கொல்லப்பட்டார்கள் என்று பிறகு செய்தி வந்தபோது அந்த மட்டையை வைத்திருக்கப் பிடிக்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு ஒருவர்கூட இருந்ததில்லை என்பது அன்றுதான் உறைத்தது. இன்று நம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை பின்பக்கப் புல்தரை. கழிவறைச் சாவி. பெயர்ப் பதிவேட்டை நானே வைத்துக்கொள்கிறேன், இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு பெற்றோர் கூடவே இருப்பார்கள். உம்லாசிப் பிள்ளைகள் வந்துபோகும் டாக்சிக் கட்டணம்தான் இடிக்கிறது. நம் ஹாலில் நிதிக்காக துனி சீட்டுப் போட்டி வைக்கிறீர்களே, அதில் ஒரு ராத்திரி வசூலைக் கொடுத்தால் பல மாதம் ஓடும். தண்ணி என்ற நம் சொல்தான் துனி ஆயிற்று என்பார்கள். நாமே இந்த மண்ணில் ஆட்டம் ஒன்றைப் புதிதாக உண்டாக்கியவர்கள்தானே. செப்டம்பர் 24 பாரம்பரிய நாளுக்கு இந்தப் பிள்ளைகளைக் கலந்து ஒரு கோகோ அணியை இறக்க ஆசை. அதற்கு இப்போதே பயிற்சி தொடங்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் எனக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். கூட்டத்தில் எதை முடிவு செய்தாலும் சரி, சாமான் அறைச் சாவியையாவது அதற்கு முன்னால் கொடுத்துவிடுங்கள். பாட்டியின் பலகை உள்ளே கிடக்கிறது. குழிகளில் பீன்ஸும் அப்படியே இருக்கிறது. எலி வந்துவிடும்.

இப்படிக்கு,
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு வாத்தியார்